மண்ணுக்கு ரெயின்கோட்

மண்ணைச் சலித்து, வெயிலில் உலர்த்தி, மெழுகு சேர்த்து, கைவிடாமல் கிளறி, ஆறவைத்து, டப்பாவில் அடைத்து வைத்த அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு உண்டு? கை தூக்குங்கள் பார்க்கலாம்.

ஒரு கையும் காணோம். நல்லது. அப்படியானால் குறுக்குக் கேள்வி கேட்காமல் மேலே படிப்பீர்கள்.

சமையல் குறிப்பு மாதிரி ஆரம்பித்தாலும் இது சாப்பிடுகிற சமாசாரம் இல்லை. அமெரிக்காவில் பனிக்காலத்தில் நரிக்குப் பொறி வைக்கிறவர்கள் கோடையிலேயே வீட்டில் தயார் செய்து வைத்துக்கொள்கிற சரக்கு. பெயர் மெழுகு மண். ஆகஸ்ட் மாதம் விஸ்கான்சினில் ஒரு பெரியவருக்கு நான் இதில் அசிஸ்டென்டாக இருந்தேன். சம்பளம்: தினம் இரண்டு கப் காபி. அந்த வேலையில் நான் செய்த ஒரு தப்பு அதே ஆகஸ்ட்டில் தெரியவில்லை, ஜனவரியில் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

நான் எப்படி விஸ்கான்சினுக்கு? அக்காவுக்குப் பிரசவம். அம்மா கிளம்பினாள். தனியாகப் பிளேன் ஏற மாட்டேன் என்றாள். ஆபீஸ் போகாமல் வீட்டிலிருந்து எழுதுகிறவன் குடும்பத்தில் ஒருத்தன் இருந்தால் துணைக்கு அவனைத்தானே தள்ளுவார்கள்? "இவனுக்கென்ன, எங்க உக்காந்து கிறுக்கினாலும் ஒண்ணுதான்" என்றார் அப்பா. ஆறு மாச விசா. மேடிசனிலிருந்து ஒரு மணி நேர டிரைவில், மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே அக்கா வீடு.

குழந்தை பிறந்ததும் வீட்டில் என் அந்தஸ்து மளமளவென்று இறங்கிவிட்டது. தும்மினால் "ஷ்ஷ்". இருமினால் "ஷ்ஷ்". ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

எதிர்வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். வீட்டை ஒட்டிப் பெரிய களஞ்சியக் கொட்டகை. டிரைவ்வேயில் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, எதையோ பரப்பி, வாரியால் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். வெயில் சுள்ளென்று அடிக்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. எங்கள் வீட்டு மொட்டை மாடி, பழைய வேட்டி, வடாம், காக்கா ஓட்டக் குடையோடு நான்... எல்லாம் ஒரு விநாடியில் வந்து போயிற்று. ஓடினேன்.

வடாம் இல்லை. மண்.

"என்ன சார் காயப்போட்டிருக்கீங்க?"

"மண்ணு."

"எதுக்கு?"

"ஜனவரிக்கு."

(அவர் பேசியது இங்கிலீஷ். என்னை 'சன்' என்று கூப்பிட்டதைத் 'தம்பி' என்று போட்டுக்கொள்கிறேன். மற்றதும் அப்படியே.)

ஆகஸ்ட்டில் ஜனவரி வேலையைச் செய்கிற மனுஷனை நான் அதுவரை பார்த்ததில்லை. ஜனவரி வேலையை ஆகஸ்ட்டில் செய்கிறவனை தினம் கண்ணாடியில் பார்க்கிறேன்.

*

சங்கதி இதுதான். நரிக்கும், கயோட்டி என்று ஒரு பிராணிக்கும் - நரிக்கு அண்ணன், ஓநாய்க்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள் - வைப்பது கால் பொறி. இரண்டு இரும்புத் தாடை, ஸ்பிரிங், நடுவில் ஒரு சின்ன மிதி தட்டு. அதை மிதித்தால் தாடைகள் பட்டென்று எழுந்து மூடிக் காலைப் பிடித்துக்கொள்ளும். பொறியைத் தரையில் ஆழமில்லாத குழி வெட்டிப் பதித்து, மேலே அரை சென்டிமீட்டருக்கு மண் தூவி மறைத்துவிடுவார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் எலி வளை மாதிரி சாய்வாக ஒரு துளை. துளைக்குள் நரிக்குப் பிடித்த நாற்றம். வேறு ஏதோ நரி, தின்ற மிச்சத்தைப் புதைத்துவிட்டுப் போன மாதிரி ஒரு செட்டப். மோப்பம் பிடித்து வருகிறவர் எங்கே காலை வைப்பார் என்று கணக்குப் போட்டு, அங்கே தட்டு.

அக்டோபரில் இதெல்லாம் ஜோராக வேலை செய்யும். பிறகு பனி வரும். பகலில் கொஞ்சம் உருகி ஈரமாகும். ராத்திரி உறையும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெரிதாகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் இங்கே பிரச்னை அது மட்டும் இல்லை. ஒவ்வொரு மண் துகளையும் பக்கத்துத் துகளோடு பனிக்கட்டி ஒட்டவைத்துவிடுகிறது. முந்தாநாள் மண்ணாக இருந்தது இன்றைக்கு சிமென்ட் பலகை. அதற்கடியில் பொறி, சமாதிக்குள் இருக்கிற மாதிரி சும்மா கிடக்கும். நரி மேலே நின்று டான்ஸ் ஆடினாலும் தட்டு இறங்காது.

ஆக, உறையாத மண் வேண்டும். உறைவது மண் இல்லை, மண்ணிலிருக்கிற தண்ணீர். ஒவ்வொரு துகளுக்கும் ஒரு மெழுகுச் சட்டை போட்டுவிட்டால்? தண்ணீர் ஒட்டாது. ஒட்டாவிட்டால் பனிக்கட்டிப் பாலம் கட்ட வழியில்லை. மைனஸ் இருபது டிகிரியிலும் கையில் அள்ளினால் கோலப்பொடி மாதிரி உதிரும்.

"மண்ணுக்கு ரெயின்கோட்" என்றேன்.

பெரியவர் வாரியை என் கையில் கொடுத்தார். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் அவ்வளவுதான்.

*

செய்முறை. ஆர்வமுள்ளவர்கள் குறித்துக்கொள்ளலாம். சென்னையில் உபயோகப்படாது என்பதற்கு நான் பொறுப்பில்லை.

முதலில் மண். கொட்டகைக்குள்ளே, மழை படாத இடத்தில் வெட்டினது. மணல் கலந்த மண் உத்தமம். கால் அங்குலக் கண் உள்ள சல்லடையில் சலிக்க வேண்டும். ஒரு சின்னக் கல் தாடைக்கு நடுவில் மாட்டினாலும் பொறி முழுக்க மூடாது. வேர், வைக்கோல் எல்லாம் போக வேண்டும்.

இரண்டாவது, உலர்த்தல். இதுதான் முக்கியம் என்றார். முக்கியம் என்பதை ஒரு தடவை இல்லை, நாலு தடவை சொன்னார். மண்ணில் ஈரம் இருக்கும்போதே மெழுகு போட்டால், மெழுகு துகளில் சரியாகப் பிடிக்காது. ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வெளியே இருந்து தண்ணீர் வராமல் காவல் போட்டுவிட்டு, திருடனை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டின கதை. அதனால் இரண்டு முழு நாள் வெயில். மூன்றாம் நாள்தான் மெழுகு.

மூன்றாவது, மெழுகு. பாரஃபின். சீவலாகவே விற்கிறது. மெழுகுவர்த்திக்கு உள்ள அதே வஸ்து. கட்டியாக வாங்கினால் தேங்காய் மாதிரி துருவ வேண்டும். பத்தொன்பது லிட்டர் பிடிக்கிற பக்கெட் மண்ணுக்குப் பெரியவர் கணக்கு மூன்று பவுண்டு, அதாவது 1.4 கிலோ சுமார். மண்ணைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்வார். களிமண்ணுக்கு அதிகம் கேட்கும். துகள் சின்னதாக ஆக ஆக மொத்தப் பரப்பு அதிகம், சட்டைத் துணியும் அதிகம்.

நான்காவது, சூடு. பாரஃபின் ஐம்பதிலிருந்து அறுபது டிகிரிக்குள் உருகிவிடும். நல்ல ஆகஸ்ட் வெயில், தார் ரோடு, கறுப்பு ஷீட் மூன்றும் சேர்ந்தால் அடுப்பே வேண்டாம். அரை மணிக்கொரு தடவை கிளற வேண்டும். வெள்ளைச் சீவல் கண்ணுக்கு முன்னாலேயே காணாமல் போகும். மண் நிறம் மாறி, எண்ணெய் குடித்த மாதிரி ஆகும். ஆறும்வரை விடாமல் கிளறணும். விட்டால் கட்டி தட்டும். உப்புமாவுக்கு உள்ள அதே சட்டம்.

வெயில் இல்லாவிட்டால்? காங்க்ரீட் மிக்ஸரில் மண்ணைப் போட்டுச் சுற்றவிட்டு, புரொப்பேன் பர்னரால் டிரம்மைச் சூடு பண்ணுகிறவர்கள் உண்டு. பெரியவரும் செய்திருக்கிறார். ஆனால் மெழுகு என்பது எரிபொருள். சூடு மீறினால் புகையும், பிறகு பற்றும். திறந்த வெளியில், பக்கத்தில் ஆள் நின்று, நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. ஒரு வருஷம் மழை விடவில்லை என்று வீட்டம்மாவின் கேக் அவனில் ஒரு டிரே மண்ணை வைத்தாராம்.

"அப்புறம்?"

"அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கேக் பாரஃபின் வாசனை. நாப்பத்தஞ்சு வருஷக் கல்யாணம் அன்னிக்கு ஒரு நூல்ல தொங்கிச்சு தம்பி."

சுலபமாக உப்புப் போட்டால் என்ன என்று கேட்டேன். ரோட்டில் பனி உருகப் போடுகிறார்களே! போடலாம், போடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்றார். உப்பு இரும்பை அரிக்கும், ஈரத்தை இழுக்கும், மழை பெய்தால் கரைந்து ஓடும். கிளைக்கால் தெளிக்கிறவர்களும் உண்டு. "அதெல்லாம் நேத்திக்கு ஞாபகம் வந்தவன் செய்யற வேலை. மெழுகு மண்ணு, ஆறு மாசம் முன்னாடி ஞாபகம் வந்தவன் செய்யறது."

ஐந்தாவது, டெஸ்ட். கிண்ணத்தில் கொஞ்சம் மண் போட்டு மேலே தண்ணீர் விட வேண்டும். சேம்பு இலையில் விட்ட மாதிரி முத்து முத்தாக உருண்டு ஓடினால் பாஸ். பிறகு பக்கெட்டில் போட்டு மூடி. பெட்ரோல், பெயின்ட் பக்கத்தில் வைக்கக் கூடாது. மெழுகு வாசனையை உறிஞ்சும். கயோட்டியின் மூக்கு இன்கம்டாக்ஸ் ஆபீஸரின் மூக்கைவிடக் கூர்மை.

"ஏண்டா, பி.காம். படிக்க வெச்சு, கடல் தாண்டிக் கூட்டிட்டு வந்தா, எதிர்வீட்டு வாசல்ல மண்ணைக் கிளறிட்டு நிக்கிறியே" என்றாள் அம்மா.

பி.காம். வீண் போகவில்லை. பன்னிரண்டு பக்கெட்டுக்கும் மூடியில் மார்க்கரால் நம்பரும் தேதியும் போட்டேன். நோட்டு ஒன்று வாங்கி ஸ்டாக் ரிஜிஸ்டர் தொடங்கினேன். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். அறுபது வருஷமாக அவருக்கு எல்லாம் மனக்கணக்கு.

*

ஏழாம் நம்பர் பக்கெட்டுக்கு வருகிறேன்.

அன்று பெரியவருக்குப் பல் டாக்டர். காலையில் மண்ணைப் பரப்பிவிட்டு, "இன்னிக்கும் நாளைக்கும் காயட்டும். நாளன்னிக்கு மெழுகு போடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மண் கொட்டகையின் மூலையிலிருந்து எடுத்தது. கூரை லேசாக ஒழுகுகிற மூலை. தொட்டால் ஜிலுஜிலு என்று இருந்தது.

மறுநாள் அத்தான் என்னைச் சிகாகோ அழைத்துப் போவதாகத் திட்டம். போய்விட்டு வந்தால் மேகம் போடலாம், மழை வரலாம். இன்று வெயில் கொளுத்துகிறது. மத்தியானம் தொட்டுப் பார்த்தேன். மேலே காய்ந்துதான் இருந்தது. எதற்கு இரண்டு நாள்? பெரியவர்களுக்கு எதிலும் ஒரு அதிஜாக்கிரதை.

மெழுகைக் கொட்டினேன். கிளறினேன். உருகிற்று. நிறம் மாறிற்று. மேலாக ஒரு கிண்ணம் எடுத்துத் தண்ணீர் விட்டேன். முத்து முத்தாக உருண்டது. பாஸ்! பக்கெட்டில் அள்ளி, மூடி, '7' என்று அழகாக எழுதினேன்.

மேல் கிண்ணத்தை மட்டும் சோதித்துவிட்டு மொத்தத்துக்கும் சர்டிஃபிகேட் கொடுப்பதற்கு ஆடிட்டிங்கில் ஒரு பெயர் இருக்கிறது. பரீட்சையில் அந்தக் கேள்வியை நான் சாய்ஸில் விட்டுவிட்டேன்.

பெரியவர் வந்து, "அதுக்குள்ள முடிச்சிட்டியா? காஞ்சிருந்ததா?" என்றார்.

"நல்லா காஞ்சிருந்தது சார்" என்றேன்.

அவர் நம்பினார். அதுதான் விசேஷம்.

*

நவம்பர். பனி. டிசம்பர். மேலும் பனி. எனக்கு மூக்கு இருக்கிறதா என்பதே தொட்டுப் பார்த்தால்தான் நிச்சயம். பெரியவர் பொறிகளை வைத்தார். அவருக்கு லைசென்ஸ் உண்டு. ஒவ்வொரு பொறியிலும் இது யாருடையது என்று தகடு. தரையில் வைத்த பொறியைத் தினம் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்பது விஸ்கான்சின் சட்டம். காய்ச்சலோ, பனிப்புயலோ, போய்த்தான் ஆக வேண்டும். நான் கூடப் போவேன். பொறியில் கை வைக்க மாட்டேன். என் டிபார்ட்மென்ட் பக்கெட் தூக்குவதும் ரிஜிஸ்டர் எழுதுவதும்: 'பொறி 4, பக்கெட் 7. பொறி 5, பக்கெட் 7.' ஒரு பக்கெட் மண் இரண்டு மூன்று பொறிக்குத்தான் வரும். அடியில், சுற்றி, மேலே என்று எல்லாப் பக்கமும் அதுவே வேண்டும்.

ஏதாவது மாட்டியிருந்தால் அவர் .22 துப்பாக்கியோடு இறங்குவார். நான் வண்டியிலேயே உட்கார்ந்து ஹீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதில் எனக்கு வீரம் கிடையாது.

ஒருநாள் வண்டியில் கேட்டே விட்டேன். "இதெல்லாம் பாவமில்லையா சார்?"

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். இந்தக் கேள்வி அவர் ஊருக்கும் புதிதில்லை. ஐரோப்பிய யூனியன் 1991-ல் சட்டம் போட்டு, 1995 முதல் கால் பொறியையே தடை செய்துவிட்டது. அமெரிக்காவிலேயே மாசசூசெட்ஸிலும் கொலராடோவிலும் 1996-ல், கலிஃபோர்னியாவில் 1998-ல் ஜனங்கள் ஓட்டுப் போட்டு இந்தப் பொறிக்குக் கடிவாளம் போட்டார்கள். நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், வேட்டை என்ற வார்த்தைக்கான விளக்கத்திலேயே பொறி வைப்பதும் சேர்த்தி. மறுபக்கமும் இருக்கிறது. விஸ்கான்சினில் ஓநாய்களை உயிரோடு பிடித்து, ரேடியோ பட்டை கட்டிவிட்டு ஆராய்வதற்கு உதவினதும் இதே ரகப் பொறிதான்.

பெரியவர் இதில் எதையும் எடுக்கவில்லை. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுச் சொன்னார்.

"பாவம் பாக்கறவன்தான் தம்பி மண்ணைக் காயவைக்கணும்."

புரியவில்லை என்றேன். விளக்கினார். மண் முழுக்க உறைந்தால் பொறி அசையாது. நரி பிழைத்தது, நமக்கு நஷ்டம், அவ்வளவுதான். மண் உதிரியாக இருந்தால் தாடை ஒரே விசையில் எழுந்து பாதத்துக்கு மேலே சரியான இடத்தில் பிடிக்கும். பிராணி கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடும். விபரீதம் இரண்டுக்கும் நடுவில். மண் பாதி உறைந்திருந்தால் தட்டு இறங்கும், ஆனால் தாடை கட்டியை உடைத்துக்கொண்டு தாமதமாக எழும். அதற்குள் கால் பாதி வெளியே போயிருக்கும். விரல் நுனி மட்டும் மாட்டும்.

"முழுசா பிடிக்கற பொறி ஒண்ணு. பிடிக்காத பொறி ஒண்ணு. பாதி பிடிக்கற பொறிதான் பாவம்" என்றார்.

ஏழாம் நம்பர் எனக்கு அப்போதும் ஞாபகம் வரவில்லை. சத்தியமாக.

*

பனிக்காலத்து ராத்திரிகளில் எனக்கு வேறு வேலை இல்லாததால் பெரியவருக்கு ஒரு லாப நஷ்டக் கணக்குப் போட்டேன். விஸ்கான்சினில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். அவருடைய ஆகஸ்ட் உழைப்பையும் தினசரி விடிகாலையையும் அந்த ரேட்டில் போட்டாலே, வரவுப் பக்கத்தில் இருக்கிற தோல்கள் வெட்கப்பட்டுத் தலைகுனிந்தன. மார்க்கெட்டும் கை கொடுக்கவில்லை. டொரான்டோவில் நூற்றாண்டுப் பாரம்பரியம் பேசிய பெரிய தோல் ஏலக் கம்பெனி 2019-ல் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு கோர்ட்டுக்குப் போயிற்று. கயோட்டி ரோமத்தைக் குளிர்கோட்டின் தொப்பி விளிம்பில் வைத்து உலகம் முழுக்க விற்ற கனடா கூஸ், 2021-ல் இனி ரோமம் வேண்டாம் என்று அறிவித்துவிட்டது.

பொறிக்கே பெயர் போன ஒனைடா கதை இன்னும் வேடிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூயார்க் மாநிலத்தில் சொத்தெல்லாம் பொது என்று வாழ்ந்த ஒரு சமயக் கூட்டம். நியூஹவுஸ் என்பவர் வடிவமைத்த இரும்புப் பொறியைச் செய்து விற்றுத்தான் அவர்கள் தழைத்தார்கள். பிற்பாடு அது ஸ்பூனும் ஃபோர்க்கும் செய்கிற கம்பெனியாக மாறிவிட்டது. கெட்டிக்காரர்கள். அவர்களுக்கே இந்தத் தொழில் கட்டுபடியாகவில்லை.

கணக்கைப் பெரியவரிடம் காட்டினேன். நிகர நஷ்டத்தின் கீழே இரட்டைக் கோடு போட்டிருந்தேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுசாகப் படித்தார்.

"சரியாத்தான் இருக்கு. வரவுல ஒண்ணு விட்டுட்டியே."

"என்ன சார்?"

"காலைல எழுந்திருக்கறதுக்கு ஒரு காரணம்."

எந்தக் கணக்குத் தலைப்பில் போடுவது என்று இன்றுவரை தெரியவில்லை.

*

ஜனவரியில் ஒரு விடிகாலை. மைனஸ் பதினெட்டு. முந்தின நாள் லேசாக வெயில் அடித்து மேல்பனி கசிந்து, ராத்திரி கெட்டித்திருந்தது. முதல் மூன்று பொறியில் ஒன்றுமில்லை. பெரியவர் குனிந்து ஓரத்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். பொலபொலவென்று உதிர்ந்தது. சுற்றிலும் உலகமே பாறையாக இருக்கும்போது, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மட்டும் ஆகஸ்ட் மாதம் மிச்சமிருந்தது.

நான்காவது பொறி மூடிக் கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

கிட்டே போனோம். பனியில் சின்னக் கால் தடங்கள். செந்நரி என்றார். சுற்றிச் சுற்றி இழுத்த அடையாளம். தாடை நுனியில் கொஞ்சம் சிவப்பு மயிர். வெள்ளைப் பனியில் ஏழெட்டுச் சொட்டு ரத்தம். அங்கிருந்து தடம் வேலியைப் பார்க்கப் போயிற்று. மூன்று கால் தடம் அழுத்தமாக, நான்காவது லேசாக.

பெரியவர் முட்டி போட்டு உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றினார். பொறிக்கு அடியிலிருந்து மண்ணைத் தோண்டினார். தோண்ட வரவில்லை. கட்டியாகப் பெயர்ந்தது. ஒரு கட்டியை எடுத்து உடைத்து என்னிடம் காட்டினார். வெளியே மெழுகு மினுமினுப்பு. உள்ளே ஊசி ஊசியாகப் பனிக்கட்டி.

"இந்தப் பொறிக்கு எந்த பக்கெட்?" என்றார்.

கேட்டது சாதாரணமாகத்தான். நோட்டை எடுத்தேன். விரல் விறைத்திருந்தது, பக்கம் புரட்ட வரவில்லை. குளிர்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன். என் கையெழுத்து, என் ரிஜிஸ்டர், என் நம்பர். அவர் சிரித்த அதே நோட்டு.

பொய் சொல்ல வசதியாகத்தான் இருந்தது. 'மூணு' என்று சொல்லியிருக்கலாம். அவர் எட்டிப் பார்க்கிற ஆள் இல்லை.

"ஏழு சார்" என்றேன். பிறகு, அவர் எதுவும் கேட்காமலே, "அது காயலை. நான் ஒரே நாள்ல போட்டுட்டேன். காஞ்சதுன்னு சொன்னது பொய்" என்றேன்.

பெரியவர் என்னைப் பார்க்கவில்லை. வேலிப் பக்கம் போன தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். நாமும் மனசுக்குள் பதிலுக்கு ஏதாவது சொல்லிக் கணக்கை நேர் பண்ணிவிடலாம்.

"வேற எதுல போட்டோம் ஏழை?"

"அஞ்சாம் பொறி."

நேரே அங்கே போனோம். அதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. பொறியைக் கழற்றி, மண்ணைக் கட்டி கட்டியாகப் பெயர்த்து எடுத்து பக்கெட்டில் போட்டார். நாலாம் பொறி மண்ணையும் அப்படியே. பக்கெட்டை வண்டியில் ஏற்றினேன். திரும்புகிற வழியில் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்.

"என் மேலயும் தப்பிருக்கு. கைய விட்டுப் பாத்திருக்கணும். நீ சொன்னதை வெச்சு மூடிட்டேன்."

தண்டனை என்றால் அதுதான் தண்டனை.

*

ஆபீஸில் வேலை பார்க்கிற நண்பர்களுக்கு இது புதிதாக இருக்காது. மார்ச் கடைசியில் ஒரு வவுச்சரைப் பார்க்காமலே டிக் அடிக்கிறோம். "செக் பண்ணிட்டியா?" "பண்ணிட்டேன் சார்." ஆறு மாசம் கழித்து, எங்கோ, நமக்கு முகம் தெரியாத ஒருத்தருடைய பென்ஷனோ பி.எஃப்.போ மாட்டிக்கொண்டு நிற்கிறது. ரத்தச் சொட்டு நம் கண்ணில் படுவதில்லை. அதனால் ராத்திரி தூக்கம் வருகிறது. எனக்கு அந்த வசதி இல்லாமல் போயிற்று. பனி வெள்ளை. நன்றாகவே தெரிந்தது.

பொறி வைப்பது சரியா, தப்பா என்று நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. என்னால் ஒருக்காலும் முடியாது, அதுமட்டும் தெரியும். ஆனால் வைக்கிறவர் இரண்டு நாள் காயவைக்கிறார். பாவம் என்று உச்சுக்கொட்டின நான் ஒரு நாளில் முடித்துவிட்டேன். அந்த நரிக்கு எங்கள் இரண்டு பேரில் யார் தேவலை என்று கேட்டால் என்ன சொல்லியிருக்கும்?

ஜனவரி கடைசியில் விசா முடிந்து கிளம்பினோம். பெரியவர் வாசல்வரை வந்து கை குலுக்கினார். அம்மா அவருக்கு ஒரு டப்பா வடாம் கொடுத்தாள். அக்கா வீட்டுப் பின்பக்கம் ஆகஸ்ட் வெயிலில் காயப்போட்டது. எதற்கு என்று தெரியாமலே வாங்கி, ஒன்றை எடுத்து விரலால் முறித்துப் பார்த்தார். படக்கென்று உடைந்தது.

"நல்லா காஞ்சிருக்கு. எத்தனை நாள் போட்டாங்க?" என்று என்னைக் கேட்டார்.

அம்மாவைக் கேட்டுச் சொன்னேன். "மூணு நாள்."

மரியாதையாகத் தலையாட்டினார். அம்மாவுக்குத்தான்.

போன ஆகஸ்ட்டில் அத்தான் போன் பண்ணினபோது எதிர்வீட்டுப் பெரியவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தேன். சௌக்கியமாம். டிரைவ்வேயில் கறுப்பு ஷீட் விரித்துவிட்டாராம். முதலில் பரப்பினது புது மண் இல்லையாம். மூடியில் '7' என்று எழுதியிருந்த பழைய பக்கெட்டாம். உருக்கி, உதிர்த்து, மறுபடி காயவைத்துக்கொண்டிருக்கிறாராம்.

"எத்தனை நாளாச்சு?" என்று கேட்டேன்.

"நாலாவது நாள். ஏன்?"

சும்மாதான் என்றேன்.